இரண்டே கால் அறை வீடுகள் பன்னிரண்டு

எங்கள் காலனியில் வீடுகள் பன்னிரண்டு, தண்ணீர்த் தொட்டி ஒன்று, வேப்பமரம் ஒன்று, பீடி சுற்றாத பெண் ஒருத்தியும் இல்லை. அந்தப் பன்னிரண்டு வீடுகளிலிருந்தும் ஓர் ஆடி மாதத்துக் காலையில் மூலைகள் எழுந்து போய்விட்டன.

போனது முழு வீடு இல்லை, முழு அறையும் இல்லை. காலனியைக் கட்டியவர்கள் என்ன நினைத்துக் கட்டினார்களோ, வீட்டுக்கு இரண்டு அறைகளை வைத்து, அதற்கும் பின்னால் ஆறடிக்கு ஐந்தடியில் ஒரு மூலையை மீதம் விட்டிருந்தார்கள். அறை ஒவ்வொன்றும் பன்னிரண்டுக்குப் பத்து, மூலை அதில் சரியாகக் கால் பங்கு, அதனால் எங்களுக்குக் கொடுத்த ஒதுக்கீட்டுத் தாளில் 'இரண்டே கால் அறை' என்றே அச்சடித்திருந்தது. அந்தக் காலறையில் கட்டில் போட்டால் கதவு திறக்காது, அடுப்பு வைத்தால் புகை போக வழி கிடையாது, நெட்டையான ஆள் படுத்தால் தலையோ பாதமோ சுவரில் இடிக்கும். ஆகவே அதில் பீடி இலைச் சாக்கும், ஓட்டை வாளியும், ஓடாத சைக்கிளும், சாமி படமும் இருந்தன. வீட்டுக்கு வெள்ளையடித்து மிஞ்சிய சுண்ணாம்பில் கைக்குக் கிடைத்த பொடியைக் கலந்து அதற்கு மட்டும் பூசிக்கொண்டோம். என் வீட்டு மூலை நீலம். பக்கத்து வீட்டு ஆறுமுகக்கனிக்கு ரோஸ்.

சாரல் பிடித்து ஐந்தாறு நாள் இருக்கும். காலையில் இலைச் சாக்கை எடுக்கப் பின்னால் போனேன், மூலை இருந்த இடத்தில் சுவர் இருந்தது. நேற்றுக் கட்டியது போலில்லை, கட்டின நாளிலிருந்தே அங்கே இருப்பது போல, எண்ணெய்க் கறையும் பல்லி முட்டையுமாக இருந்தது. மூலையில் கிடந்த சாமான்களெல்லாம் உள்ளறையில் ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன, ஓட்டை வாளிக்குள் துடைப்பம்கூட நிமிர்ந்து நின்றது. நான் முதலில் கவலைப்பட்டது அந்தச் சாக்கு நனைந்திருக்குமோ என்றுதான். நனையவில்லை. பிறகு வாசலுக்கு வந்தால் பன்னிரண்டு வாசலிலும் பன்னிரண்டு பெண்கள், எல்லாருடைய முகமும் தெற்கே தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி. தொட்டிக்கு அந்தப் பக்கம், நேற்றுவரை எருக்கஞ்செடி நின்ற பொட்டலில், மூன்று அறைகள் நின்றன.

முழு அறைகள். பன்னிரண்டுக்குப் பத்து. ஒவ்வொன்றும் நான்கு நிறத்தில். முதல் அறையில் தெருவைப் பார்த்த மூலை என் நீலம், அதை ஒட்டி ஆறுமுகக்கனியின் ரோஸ், ரோஸுக்கு முதுகு கொடுத்தபடி பதினோராம் வீட்டுச் சண்முகத்தாயின் கிளிப்பச்சை, நான்காவது மூலை மைமூனக்கா வீட்டு மஞ்சள். அடுத்த இரண்டு அறைகளும் அப்படியே, மற்ற எட்டு வீட்டு மூலைகளும் நான்கு நான்காகச் சேர்ந்து நின்றன. ஆறுமுகக்கனியும் சண்முகத்தாயும் அண்ணன் தம்பியைக் கட்டிய ஓரகத்திகள், எட்டு வருஷமாகப் பேச்சு கிடையாது, ஒரு குடம் தண்ணீருக்கு வந்த சண்டை. அவர்களுடைய மூலைகளோ யாரையும் கேட்காமல் ஒரே சுவராக ஒட்டிக்கொண்டிருந்தன.

"இது யாரு பாத்த வேலை?" என்றாள் ஆறுமுகக்கனி, பொதுவாக வேப்பமரத்தைப் பார்த்து.

"நீ வளத்த மூலை உன்ன மாதிரியே அடுத்தவ இடத்துல போயி ஒட்டுது," என்றாள் சண்முகத்தாய், அதே வேப்பமரத்தைப் பார்த்து. எட்டு வருஷத்தில் அவர்கள் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை என்று மைமூனக்கா என் காதில் சொன்னாள்.

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பன்னிரண்டு பேருக்கும் அன்றைக்குச் சுற்ற வேண்டிய பீடி இருந்தது. கேட்டதெல்லாம் யாருக்கு என்பதுதான். ஒரு நாள் முழுக்கச் சுளகை மடியில் வைத்தபடியே பேசினோம். தன் மூலையைத் தன் வீட்டுக்கே திருப்பி இழுத்துக்கொள்ள வேண்டும் என்றாள் ஒருத்தி, எந்தக் கயிற்றால் என்று கேட்டதும் இலையை எண்ணத் தொடங்கினாள். மூன்று அறையை மூன்று வீட்டுக்குக் குலுக்கிப் போடலாம் என்றாள் இன்னொருத்தி, குலுக்கலில் தனக்கு விழாது என்று தெரிந்த ஒன்பது பேர் வேண்டாம் என்றார்கள். எந்த ஒன்பது பேர் என்று யாருக்கும் தெரியாததால் பன்னிரண்டு பேருமே வேண்டாம் என்றார்கள். கடைசியில் அவரவர் மூலையில் அவரவர் உட்காரலாம் என்று முடிவாயிற்று. மறுநாளிலிருந்து சுளகைத் தூக்கிக்கொண்டு போய், நான் நீலத்திலும் ஆறுமுகக்கனி ரோஸிலும் சண்முகத்தாய் கிளிப்பச்சையிலும் மைமூனக்கா மஞ்சளிலும், நடுவில் கோடு போட்டது போல, உட்கார்ந்து சுற்றினோம். அடுத்த அறைகளிலும் அப்படியே. அந்த வழக்கம் பதினோரு நாள் இருந்தது. பன்னிரண்டாம் நாள் மைமூனக்காவின் பேரப்பிள்ளை மஞ்சளிலிருந்து தவழ்ந்து கிளிப்பச்சையையும் ரோஸையும் கடந்து நீலத்துக்கு வந்து என் மடியிலிருந்த நூல்கண்டைக் கடித்தது. அதைத் தூக்க வந்த மைமூனக்கா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அதோடு நிறம் போயிற்று.

பிறகு அறைகள் தங்களுக்கு என்ன வேலை என்று தாங்களே சொல்லிக்கொண்டது போல எல்லாம் நடந்தது. முதல் அறையில் நாங்கள் பன்னிரண்டு பேரும் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து சுற்றினோம். இரண்டாவதில் தொட்டில்கள் தொங்கின. மூன்றாவதில் பிள்ளைகள் எழுதினார்கள், படித்தார்கள், அடித்துக்கொண்டார்கள், யார் வீட்டுக்காவது விருந்தாள் வந்தால் அன்றைக்கு அங்கே பாய் விரித்தார்கள். பஸ் கண்டக்டர் ஆவணி பிறப்பதற்குள் எங்கள் ஸ்டாப்பின் பெயரை மாற்றிவிட்டார். "மூணு ரூமெல்லாம் எறங்கு" என்பார், நாங்கள் மகாராணிகள் போல இறங்குவோம்.

எனக்கு எதற்கும் கவலைப்படுகிற மனசு. ஒரு தடவை நடந்த அறை மறுதடவை நடக்காது என்று என்ன நிச்சயம் என்று, நிறுத்திய லாரியின் டயருக்கு வைப்பது போல, மூன்று அறைகளின் எல்லா மூலைக்கும் கல் பொறுக்கி வைத்தேன். பன்னிரண்டு கல். காலையில் எழுந்ததும் கோலம் போடுவதற்கு முன்னால் போய்க் கல் நகர்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன். ஆறுமுகக்கனி சிரிப்பாள். "ரூமு ஓடிரும்னு கல்லு வைக்கா பாரு. உன் வீட்டுக்காரரு கேரளாவுக்குக் கல்லு ஒடைக்கப் போனப்போ இதை வச்சிருந்தா அவரு இங்கனயே இருந்திருப்பாருல்லா."

நான் சிரிக்காமல் கல் வைத்ததற்குக் காரணம் இருந்தது. என் மகள் தங்கபுஷ்பத்துக்கு ஒன்பது வயது, கைக்குழந்தையிலிருந்து இழுப்பு. பீடித் தூள் வீடு முழுக்கப் பறக்கும், சோற்றில் விழும், தலையணையில் படியும், நான் சுளகைத் தட்டும்போதெல்லாம் அவள் நெஞ்சில் ஏதோ விசில் ஊதும். டாக்டரம்மா மருந்து எழுதிவிட்டு, "தூள் இல்லாத இடத்துல வைங்க" என்றார்கள். இரண்டே கால் அறையில் தூள் இல்லாத இடம் எது? சுற்றுவதை விட்டால் சோறு கிடையாது, சுற்றினால் பிள்ளைக்கு மூச்சு கிடையாது. அறைகள் வந்த பிறகு தூள் தொட்டிக்கு அந்தப் பக்கத்தோடு நின்றது. நாங்கள் அங்கேயே கைகால் கழுவி, சேலையை உதறிவிட்டு வருவோம். புரட்டாசியில் புஷ்பம் விசில் இல்லாமல் தூங்கினாள். ஐப்பசியில் எங்கள் வாசலிலிருந்து தண்ணீர்த் தொட்டிவரை ஓடினாள். காலடியை எண்ணிக்கொண்டே ஓடிப் போய்த் தொட்டியைத் தொட்டு, "யம்மா, எம்பத்தி நாலு எட்டு," என்று மூச்சு வாங்காமல் சொன்னாள். பெற்ற பிள்ளை ஓடுவதை ஒன்பது வருஷம் கழித்து முதல் தடவை பார்த்தவள் நான்.

கார்த்திகையில் வீட்டு ஆபீசிலிருந்து ஞானசிகாமணி சார் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், சட்டைப் பையில் இரண்டு பேனா, ஸ்கூட்டரில் அளவு நாடா. கெட்டவர் இல்லை. காலனி வீடுகளை எங்கள் பெயருக்கே எழுதிக் கொடுக்கப் போகிறார்கள், அதற்கு முன்னால் காகிதத்தில் இருப்பதும் தரையில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்க்க வந்தார். நாடாவின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் கேட்டார். முதல் வீடு என்னுடையது, நான் பிடித்தேன். பன்னிரண்டு வீட்டிலும் பிடித்தேன், தொட்டிக்கு அந்தப் பக்கமும் பிடித்தேன்.

"இந்த மூணும் எப்ப கட்டினது?"

"கட்டல சார், வந்துச்சு," என்றேன்.

"வந்துச்சுன்னா?"

"ஆடியில வந்துச்சு. வீட்டு மூலையெல்லாம் வந்து சேந்துக்கிட்டு."

அவர் அதற்கு ஆச்சரியப்படவில்லை. அவர் படிவத்தில் 'எப்படி வந்தது' என்று கேட்கும் கட்டம் இல்லை, எத்தனை என்ற கட்டம்தான் இருந்தது. மூலையில் இருந்த கல்லை மட்டும் காலால் தட்டி, இது எதற்கு என்றார். போயிடக் கூடாதுல்லா என்றேன். தலையாட்டிக்கொண்டு, ஸ்கூட்டர் சீட்டில் தாளை வைத்து எழுதினார். எழுதியதை வாய்விட்டும் சொன்னார்.

"வீடு ஒண்ணுக்கு ரெண்டே கால் அறை. வீடு பன்னெண்டு. ரெண்டு பன்னெண்டு இருபத்தி நாலு. கூட ஒரு கால். ஆக இருக்க வேண்டியது இருபத்தி நாலே கால் அறை. இங்க இருக்கிறது இருபத்தேழு. ரெண்டே முக்கால் அறை அதிகம். அதிகப்படி கட்டுமானம் இருந்தா ஒரு வீட்டையும் பேருக்கு மாத்த முடியாதும்மா. இடிச்சாகணும்."

அவர் சொன்னதில் ஏதோ குறைகிறது என்று தெரிந்தது, எது என்று சொல்ல வாய் வரவில்லை. ஏனென்றால் நான் படிப்பை விட்ட இடமும் அதுதான். எங்கள் பக்கத்தில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது: பெண்பிள்ளை ஆறாம் வகுப்பு அரையாண்டுப் பரீட்சை எழுதி முடித்தால் விரல் இலை மடிக்கிற அளவு நீண்டுவிடும் என்று கணக்கு, லீவுக்கு வீட்டுக்கு வந்தவளுக்கு ஒரு சுளகு வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துவிடுவார்கள். லீவு விடுகிற அன்றைக்குத்தான் வாத்தியார் கலப்புப் பின்னத்தை எடுத்தார். மூன்றரையை ஆறால் பெருக்கச் சொல்லிப் பலகையில் எழுதி, மூவாறு பதினெட்டு என்று போட்டார், மணி அடித்தது. "அரை நிக்குது பாருங்க, அதை லீவு முடிஞ்சு வந்து பாத்துக்கலாம்" என்றார். நான் லீவு முடிந்து போகவில்லை. முப்பத்தைந்து வருஷமாக அந்த அரை அந்தப் பலகையில் அப்படியே நின்றுகொண்டிருந்தது. ஞானசிகாமணி சாரின் தாளிலும் அந்த மாதிரியே ஒரு கால் நின்றுகொண்டிருந்தது.

அவர் நியாயமான மனிதர், இருபத்தி நாலு போக மிச்சக் கால் பங்கை விட்டுவைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்றார். சிவப்புச் சாக்கட்டியை எடுத்து, தெருவிலிருந்து எட்டிய முதல் மூலையைச் சுற்றிக் கோடு போட்டார். அது என் நீலம்.

"இது நிக்கும். மத்ததெல்லாம் அடுத்த புதன்கிழமை."

"மேல்கூரை எப்படி சார் கால்வாசி நிக்கும்?" என்றாள் மைமூனக்கா.

"அது உங்க பாடும்மா."

ஸ்கூட்டர் போனதும் பதினோரு பெண்கள் என்னைப் பார்த்தார்கள். சண்முகத்தாய்தான் வாயைத் திறந்தாள். "நாடா பிடிச்சவளுக்கு நீலம் தப்பிச்சிட்டு. நல்லாத்தான் பிடிச்சிருக்கா."

"அவ என்ன செய்வா, கோடு போட்டது அவரு," என்றாள் ஆறுமுகக்கனி, வேப்பமரத்தைப் பார்த்து. என் பக்கம் பேசத்தான் வந்தாள், ஆனால் அன்று மாலை முதல் என் வாசலில் அவள் உட்காரவில்லை.

அந்த ஒரு வாரத்தை நான் எப்படிச் சொல்ல. அவரவர் மூலையை அவரவர் கூப்பிட்டுப் பார்த்தார்கள். ஆறுமுகக்கனி ரோஸ் சுவருக்கு முன்னால் துடைப்பத்தோடு நின்று, "மரியாதையா வீட்டுக்கு வந்துரு, இடிச்சுப் போடுவாவ" என்று திட்டினாள். மைமூனக்கா மஞ்சள் சுவரைத் தடவிக்கொடுத்து மெல்லப் பேசினாள். சண்முகத்தாய் கிளிப்பச்சைக்கு ஒரு தேங்காய் உடைத்தாள். எதுவும் அசையவில்லை, நான் வைத்த கல்லும் அசையவில்லை. சேர்ந்தவை சேர்ந்தே நின்றன. என் நீலமோ சிவப்புக் கோட்டுக்குள் நிம்மதியாக நின்றது, எனக்குத்தான் அதைப் பார்க்கக் கூசியது. ஆறடிக்கு ஐந்தடியில் பன்னிரண்டு பேர் எப்படி உட்கார முடியும்? எல்லாரும் வீட்டுக்குத் திரும்புவார்கள், தூளும் திரும்பும். புஷ்பம் எண்பத்தி நாலு எட்டை எழுபதாகக் குறைக்கப் பழகிக்கொண்டிருந்தாள், எட்டி எட்டித் தாவினால் குறையுமாம். ஓடி வந்து, "அடுத்த வாரம் அறுபத்தஞ்சு" என்பாள். நான் சரி என்பேன், முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

செவ்வாய்க்கிழமை கடைக்குப் பீடி கொண்டு போகிற நாள். எங்கள் கடையில் ஒரு பழக்கம் உண்டு. இருபத்தைந்து பீடி ஒரு கட்டு, கட்டைத்தான் எடுத்துக்கொள்வார்கள், உதிரியை வாங்க மாட்டார்கள். அதனால் நாங்கள் ஐந்தைந்து பேராகப் போவோம். அவரவர் உதிரியை ஒருத்தி மடியில் போடுவோம், அவள் அங்கேயே நூல் சுற்றிக் கட்டாக்கிவிடுவாள், வாரத்துக்கு ஒருத்தி முறை. அன்றைக்கு என் முறை. ஐந்து பேரும் ஆளுக்கு முப்பது கட்டும் ஐந்து உதிரியும் கொண்டுவந்திருந்தோம். என் மடியில் மைமூனக்கா ஐந்து போட்டாள், ஆறுமுகக்கனி ஐந்து போட்டாள், சண்முகத்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஐந்து போட்டாள், இன்னொருத்தி ஐந்து, என் ஐந்து. நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டேன். ஒரு கட்டு.

கடைக்காரர், "எத்தனை?" என்றார்.

"நூத்தி அம்பத்தி ஒண்ணு," என்றேன். சொல்லிவிட்டு அங்கேயே நின்றேன். கையில் அந்த ஒரு கட்டு. பின்னால் வரிசையில் நின்றவர்கள், "ஏ உலகம்மா, நகரு" என்றார்கள். உலகம்மாள் என்பது என் பெயர். நகரவில்லை. முப்பத்தைந்து வருஷம் பலகையில் நின்ற அரை, என் கையில் நூல் சுற்றி உட்கார்ந்திருந்தது. செவ்வாய்தோறும் இதைச் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறேன்.

திரும்பும்போது பஸ்ஸில் மைமூனக்காவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் என் கையைப் பிடித்தாள். "அவருட்ட நீயே சொல்லு."

"எனக்கு அவ்வளவு பேசத் தெரியாதேக்கா. படிச்சவரு. தப்பாயிட்டா?"

"தப்பாயிட்டா இடிப்பாவ. சொல்லாட்டியும் இடிக்கத்தான் போறாவ. ஒனக்கென்ன, நீலம் நிக்கும்." அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். எல்லாரும் ஒரு வாரமாகக் குத்தலாகச் சொன்னதை அவள் கேலியாகச் சொன்னதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

புதன்கிழமை சார் ஸ்கூட்டரில் வந்தார், பின்னால் இடிக்கிற வண்டியும் வந்தது. வண்டி டிரைவர் வேப்பமரத்தடியில் இறங்கி, டீ கிடைக்குமா என்றார். ஆறுமுகக்கனி கொடுத்தாள், நிதானமாகக் குடிக்கட்டும் என்று பெரிய டம்ளரில் கொடுத்தாள். பன்னிரண்டு பேரும் முதல் அறையின் முன்னால் நின்றோம். புஷ்பம் என் சேலையைப் பிடித்தபடி நின்றாள்.

"சார், ஒண்ணு கேக்கணும்," என்றேன். "நாங்க அஞ்சு பேரு. ஆளுக்கு முப்பது கட்டும் அஞ்சு உதிரியும் கொண்டு போறோம். மொத்தம் எத்தனை?"

"நூத்தி அம்பது கட்டு... அஞ்சு உதிரி."

"அப்போ இருபது பீடி எங்க போச்சு?"

அவர் என்னைப் பார்த்தார். பின்னால் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள்.

"அஞ்சு பேரும் உதிரி கொண்டு வந்தோம்லா. நீங்க ஒருத்தி உதிரிய மட்டும் எழுதிட்டு, நாலு பேரு உதிரியக் கீழ போட்டுட்டிய. கடையில அப்படி எழுதுனா நாங்க விடுவோமா?"

"அது பீடி. இது அறைம்மா."

"சரி சார். ஒதுக்கீட்டுத் தாளு எல்லாருட்டயும் இருக்கு. எந்த வீட்டுத் தாளுல அந்தக் கால் இல்ல, சொல்லுங்க."

பதினோரு பேரும் தாளை நீட்டினார்கள். பிளாஸ்டிக் உறையில், டிரங்குப் பெட்டியில் மடித்து, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்த தாள்கள். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாவற்றிலும் இரண்டே கால், என்னுடையதிலும் இரண்டே கால்.

புஷ்பத்தின் பையிலிருந்து சாக்கட்டியை வாங்கி, சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் என் நீலச் சுவரிலேயே எழுதினேன். இரண்டைப் பன்னிரண்டால் பெருக்கினால் இருபத்தி நாலு. அதை அவர் எழுதியது போலவே எழுதினேன். அதோடு மணி அடிக்கவில்லை. கால் பங்கையும் பன்னிரண்டால் பெருக்கப் போனேன். எழுத்தில் வராததைக் கையால் செய்தேன்: அறைக்குள் நுழைந்து நீலத்தைத் தொட்டு ஒன்று, ரோஸைத் தொட்டு இரண்டு, கிளிப்பச்சை மூன்று, மஞ்சள் நாலு, இது ஓர் அறை. அடுத்த அறைக்குப் போனேன், ஐந்து ஆறு ஏழு எட்டு. எல்லாரும் கூடவே வந்தார்கள், டிரைவரும் டம்ளரோடு வந்தார். மூன்றாவது அறைக்குள் நான் எண்ணவில்லை, பெண்கள் எண்ணினார்கள். பன்னிரண்டு. "மூணு ரூம்," என்று கண்டக்டர் குரலில் டிரைவர் சொன்னார்.

திரும்பி வந்து சுவரில் மூன்றை எழுதி, இருபத்தி நாலோடு கூட்டி, இருபத்தேழு போட்டேன்.

சார் சுவரை மேலிருந்து கீழே படித்தார். பேனாவை எடுத்து, தாளின் பின்பக்கத்தில் தனியாகப் போட்டார். நான் எட்டிப் பார்த்தேன், அது வேறு வழி. இரண்டே காலை ஒன்பது கால்களாக்கி, ஒன்பதைப் பன்னிரண்டால் பெருக்கி, நூற்றியெட்டுக் கால்கள் என்று எழுதி, நாலால் வகுத்தார். இருபத்தேழு. லீவு முடிந்து போயிருந்தால் வாத்தியார் இதைத்தான் சொல்லிக்கொடுத்திருப்பார் போலும். இரண்டு பாதையாகப் போனாலும் ஒரே ஊருக்குத்தான் வருகிறது என்பதைப் பார்க்க எனக்கு நிறைவாக இருந்தது.

"நான் பி.எஸ்சி. கணக்குதாம்மா," என்றார் மெல்ல.

"தெரியும் சார். அவசரத்துல கால விட்டுட்டிய. எங்களுக்கு விட முடியாது, நாங்க அதுக்குள்ளதான் இருந்தோம்," என்றாள் சண்முகத்தாய்.

"அவ சொல்லது சரி," என்றாள் ஆறுமுகக்கனி. வேப்பமரத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, சண்முகத்தாயைப் பார்த்தே சொன்னாள்.

சார் தொட்டியில் கைக்குட்டையை நனைத்து வந்து, குத்தவைத்து உட்கார்ந்து, சிவப்புக் கோட்டைத் தானே அழித்தார். என் கணக்கில் கை படாமல் அழித்தார். டிரைவர் டம்ளரைக் கழுவிக் கொடுத்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். வண்டி ரோடு ஏறும்வரை நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் பார்த்தேன், புஷ்பம் என் சேலையை விட்டுவிட்டு வண்டிக்குப் பின்னால் தெரு முனைவரை ஓடியிருந்தாள். திரும்பி வந்து, "நூத்திப் பத்து," என்றாள்.

இருபத்தேழு அறை என்று புதுப் படிவம் எழுதினார். பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும், பெயர், வயது, படிப்பு என்று மூன்று கட்டம்.

"உலகம்மாள். நாப்பத்தி ஆறு. படிப்பு?"

"அஞ்சு முடிச்சேன் சார். ஆறுல பாதி."

"அஞ்சுன்னு போட்டுக்கவா?"

"அஞ்சரைன்னு போடுங்க," என்றேன்.

அவர் தலை நிமிர்ந்து பார்த்தார், அஞ்சரை என்றே எழுதினார். அடுத்து ஆறுமுகக்கனி வந்தாள், அஞ்சரை. மைமூனக்கா, அஞ்சரை. அந்த வழக்கத்தில் வளர்ந்த பன்னிரண்டு பேரும், ஒவ்வொருத்தியாக, ஒருத்தியும் அரையை விடாமல், குரலைத் தாழ்த்தாமல் சொன்னோம். பன்னிரண்டு கையெழுத்தும் விழுந்த பிறகு, கட்டத்துக்குக் கீழே மொத்தம் போடுகிற பழக்கத்தில், அவர் பேனா தானாகவே அங்கே போனது.

"அஞ்சு பன்னெண்டு அறுபது," என்றார். "கூட ஒரு..."

நின்றார். நாங்கள் பன்னிரண்டு பேரும் பொறுமையாக அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம், நேரம் எடுத்துக்கொள்ளட்டும் என்று. அவர் விரலை மடித்து எண்ணினார், உதடு அசைந்தது, பிறகு மெல்லச் சிரித்து, படிப்புக் கட்டத்துக்குக் கீழே எழுதினார்.

அறுபத்தி ஆறு.